முட்டை முன்கூட்டியே வெடிக்காமல் இருக்க எந்த மருந்து? நீண்ட ஊசி, குறுகிய ஊசி, மாத்திரை: ஓர் ஒப்பீடு

ஐ.வி.எஃப். எனப்படும் சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சைக்கு எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டில் இரண்டு வகை மருந்துகள் இருக்கும். ஒன்று, முட்டைகளை வளர்ப்பதற்கு. இன்னொன்று, வளர்ந்த முட்டைகள் டாக்டர் எடுப்பதற்கு முன்பே வெடித்து வெளியேறாமல் பார்த்துக்கொள்வதற்கு. முதல் வகையைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள்: என்ன விலை, எத்தனை யூனிட், எந்தக் கம்பெனி என்று. இரண்டாவது வகையைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. சிகிச்சை எத்தனை நாள் நீளும், கருவை அதே மாதத்தில் வைக்க முடியுமா, சினைப்பை வீங்கி ஆஸ்பத்திரியில் படுக்க நேரிடுமா என்பதெல்லாம் இந்த இரண்டாவது மருந்தோடு நேரடியாகத் தொடர்புள்ளவை. அதனால்தான் இதை மட்டும் தனியாக எடுத்து எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று வழக்கில் உள்ள மூன்று வகைகளும் முட்டை வெடிப்பதைத் தடுக்கும் வேலையை நன்றாகவே செய்கின்றன. அதனால் எது வலுவான மருந்து என்று தேடுவதில் பெரிய பயன் இல்லை. கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். கருவை இதே சுழற்சியில் வைக்கப் போகிறோமா, அல்லது உறைய வைத்துப் பிறகு வைக்கப் போகிறோமா? உங்கள் சினைப்பை மருந்துக்கு அளவுக்கு மீறி வேலை செய்யக்கூடியதா? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் மருந்துத் தேர்வு முக்கால்வாசி முடிந்துவிடும்.

முட்டை ஏன் முன்கூட்டியே வெடிக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். சாதாரண மாதத்தில் ஒரே ஒரு ஃபாலிக்கிள்தான் (முட்டை இருக்கும் நீர்ப்பை) முழுதாக வளர்கிறது. அது வளர வளர ஈஸ்ட்ரோஜன் கூடுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஓர் அளவைத் தாண்டி இரண்டு நாள் போல அங்கேயே நின்றால், முட்டை தயார் என்று எடுத்துக்கொண்டு மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச். ஹார்மோனைக் கொட்டுகிறது. அது தொடங்கிச் சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறுகிறது. ஐ.வி.எஃப். ஊசிகள் போடும்போது பத்து, பதினைந்து ஃபாலிக்கிள்கள் ஒன்றாக வளர்கின்றன. ஒவ்வொன்றும் சின்னதாக இருக்கும்போதே எல்லாம் சேர்ந்து ஈஸ்ட்ரோஜனை அந்த அளவுக்கு ஏற்றிவிடுகின்றன. பிட்யூட்டரிக்கு ஒரு பெரிய முட்டையும் பதினைந்து சிறிய முட்டைகளும் ஒன்றுதான். அது தன் வேலையைச் செய்துவிடுகிறது. கடைசியில் முட்டை எடுக்கப் போகும் அன்று ஃபாலிக்கிள்கள் காலியாக இருக்கும்.

1978 ஜூலையில் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்த அந்தச் சுழற்சியில் முட்டை வளர்க்கும் ஊசியே கிடையாது. இயற்கையாக வளர்ந்த ஒரே முட்டைக்காக இரவு பகலாகச் சிறுநீரில் எல்.ஹெச். அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நிறைய முட்டைகளை வளர்க்கத் தொடங்கிய காலத்தில், தடுப்பு மருந்து இல்லாமல் செய்த சுழற்சிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இந்த எல்.ஹெச். எழுச்சியால் பாதியில் கைவிடப்பட்டது. தடுப்பு மருந்து வந்த பிறகுதான் முட்டை எடுக்கும் நாளை டாக்டர் குறிக்க முடிந்தது.

நீண்ட ஊசி

முதலில் வந்தது ஜி.என்.ஆர்.ஹெச். அகோனிஸ்ட். மூளை பிட்யூட்டரிக்கு அனுப்பும் ஜி.என்.ஆர்.ஹெச். என்ற ஹார்மோன் வெறும் பத்து அமினோ அமிலங்களால் ஆனது. அதன் அமைப்பு 1971-இல் தெரியவந்தது. அதற்காக ஆண்ட்ரூ ஷாலிக்கும் ரோஜர் கில்லமினுக்கும் 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பத்தில் சிலவற்றை மாற்றிச் செய்தவைதான் லியூப்ரோலைட், டிரிப்டோரெலின், பியூசரெலின் போன்றவை.

இவை வேலை செய்யும் விதம் முதலில் கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். இவை பிட்யூட்டரியைத் தடுப்பதில்லை, தூண்டுகின்றன. விடாமல் ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பவர் கொஞ்ச நேரத்தில் எழுந்து வருவதையே நிறுத்திவிடுவார் இல்லையா, அதுபோல முதல் சில நாள் எல்.ஹெச். ஏறி, அப்புறம் சுரப்பி அடங்கிவிடுகிறது. அடங்குவதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் வரை ஆகும். அதனால்தான் இது நீண்ட முறை. முந்தைய மாதவிடாய்ச் சுழற்சியின் 21-ஆம் நாள் வாக்கில் தினசரி ஊசி தொடங்கும். மாதவிடாய் வந்து, ஸ்கேனில் சினைப்பை அமைதியாக இருப்பது உறுதியான பிறகே முட்டை வளர்க்கும் ஊசி தொடங்கும். இரண்டும் சேர்ந்து, முட்டைகளை முதிரவைக்கும் கடைசி ஊசியான ட்ரிகர் வரை போகும். மொத்தம் மூன்று முதல் நான்கு வாரம்.

இதன் நல்ல பக்கம் ஒழுங்கு. ஃபாலிக்கிள்கள் ஓரளவு ஒரே சீராக வளரும், மையத்துக்கு நாட்களைத் திட்டமிடுவது எளிது, முன்கூட்டியே முட்டை வெடிப்பது மிக அரிது. கஷ்டம் என்னவென்றால், அந்த முதல் இரண்டு வாரம் உடம்பு தற்காலிகமாக மெனோபாஸ் போன்ற நிலைக்குப் போகிறது. உடம்பெல்லாம் திடீரென்று கொதிப்பது, தலைவலி, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரலாம். சிலருக்குத் தொடக்கத் தூண்டலில் சினைப்பையில் நீர்க்கட்டி வந்து சிகிச்சை தள்ளிப்போகும். வீட்டில் இருப்பவர்களுக்கு இதை முன்பே சொல்லி வைப்பது நல்லது. அழுகையும் கோபமும் மருந்தால் வருகிறது என்று தெரிந்தால், "இப்பவே இப்படின்னா..." என்ற பேச்சு எழாது.

இன்னொரு குறை இருக்கிறது, அதுதான் பெரியது. அடங்கிப்போன பிட்யூட்டரியைக் கடைசியில் எழுப்ப முடியாது. ஆகவே முட்டை முதிர்வதற்கான ட்ரிகர் ஊசியாக, எல்.ஹெச். போலவே வேலை செய்யும் ஹெச்.சி.ஜி. ஹார்மோன் மட்டுமே கொடுக்க முடியும். ஹெச்.சி.ஜி. உடம்பில் பல நாள் நின்று சினைப்பையைத் தூண்டிக்கொண்டே இருக்கும். நிறைய முட்டைகள் வளர்ந்த பெண்ணுக்கு இதுவே ஓ.ஹெச்.எஸ்.எஸ். எனப்படும் சினைப்பை வீக்கத்தைக் கொண்டுவருகிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு வாங்கும், ரத்தம் கெட்டிப்பட்டுக் குழாய்களில் உறையலாம். அரிதாக உயிருக்கே ஆபத்தாகவும் முடிந்திருக்கிறது. குழந்தை வேண்டும் என்று நல்ல உடல்நிலையில் வந்த ஒரு பெண்ணை, தவிர்க்க வழியிருந்தும் அந்த நிலைக்குக் கொண்டுபோவதை நான் ஏற்கமாட்டேன்.

குறுகிய ஊசி

அடுத்தது ஜி.என்.ஆர்.ஹெச். அன்டகோனிஸ்ட். செட்ரோரெலிக்ஸ், கனிரெலிக்ஸ் என்ற இரண்டும்தான் வழக்கத்தில் அதிகம். 1999, 2000 ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றுக்கு அனுமதி கிடைத்தது. இவற்றுக்கு முந்தைய தலைமுறை மருந்துகள் உடம்பில் ஹிஸ்டமினை வெளியேற்றி ஒவ்வாமை போன்ற தொல்லை கொடுத்ததால் நிலைக்கவில்லை.

இது சுற்றி வளைக்காது. பிட்யூட்டரியில் ஜி.என்.ஆர்.ஹெச். வந்து உட்கார வேண்டிய இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் எல்.ஹெச். குறையும். அதனால் முந்தைய மாதமே தொடங்க வேண்டியதில்லை. மாதவிடாய் வந்த இரண்டாம், மூன்றாம் நாள் முட்டை வளர்க்கும் ஊசி தொடங்கும். ஐந்தாம் அல்லது ஆறாம் ஊசி நாளில் 0.25 மில்லிகிராம் அன்டகோனிஸ்ட் சேரும். சில டாக்டர்கள் நாள் கணக்குப் பார்க்காமல், பெரிய ஃபாலிக்கிள் 14 மில்லிமீட்டரை எட்டும்போது தொடங்குவார்கள். ட்ரிகர் வரை தினமும் ஒன்று. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆரம்பத்தில் டாக்டர்கள் பலர் இதை நம்பத் தயங்கினார்கள். முதல் ஆய்வுகளில் முட்டை எண்ணிக்கையும் கர்ப்பம் தரித்தோர் எண்ணிக்கையும் சற்றுக் குறைவாகத் தெரிந்ததே காரணம். 2016-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 73 ஆய்வுகளை, 12,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. நீண்ட முறையில் 100 பேருக்கு 29 பேர் குழந்தை பெறுவதாக வைத்தால், அன்டகோனிஸ்ட் முறையில் அது 25 முதல் 33 வரை இருக்கும் என்று வந்தது. அதாவது, வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. சினைப்பை வீக்கமோ 100-க்கு 11 என்பதிலிருந்து 6 முதல் 9 வரை என இறங்கியது.

அந்த இறக்கத்தை இன்னும் கீழே கொண்டுபோக வழி உண்டு. அன்டகோனிஸ்ட் இடத்தை மட்டும்தான் பிடித்திருக்கிறது, சுரப்பியை அடக்கிப்போடவில்லை. ஆகவே ட்ரிகர் நாளில் டிரிப்டோரெலினையோ லியூப்ரோலைடையோ ஒரே ஒரு முறை கொடுத்தால் அது அன்டகோனிஸ்ட்டைத் தள்ளிவிட்டுப் பிட்யூட்டரியையே எல்.ஹெச். கொட்ட வைக்கும். நீண்ட முறையில் தினமும் போட்டு அடக்கிய அதே மருந்து, இங்கே ஒரு முறை மட்டும் போட்டு எழுப்பப் பயன்படுகிறது. இப்படி வரும் எல்.ஹெச். ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். அதனால் கடுமையான சினைப்பை வீக்கம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஒரு விலை உண்டு: இப்படி ட்ரிகர் செய்தால் கருப்பை உட்சுவருக்கான ஹார்மோன் ஆதரவு சீக்கிரம் விழுந்துவிடும். அதனால் பெரும்பாலும் கருக்களை உறைய வைத்துவிட்டு அடுத்த மாதங்களில் வைப்பார்கள்.

நான் அன்டகோனிஸ்ட்டை முதல் இடத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கரு இந்த மாதமா, பிறகா என்ற முடிவை அது கடைசி நாள் வரை தள்ளிப்போட விடுகிறது. ட்ரிகர் நாள் ஸ்கேனில் ஏழெட்டு ஃபாலிக்கிள்தான் என்றால் ஹெச்.சி.ஜி. கொடுத்து இந்த மாதமே வைக்கலாம். இருபத்தைந்து என்றால் டிரிப்டோரெலின் கொடுத்து, உறைய வைத்து, பத்திரமாக வீட்டுக்குப் போகலாம். முதல் நாளே யாராலும் இதைக் கணிக்க முடியாது. மனித இனப்பெருக்கத்துக்கான ஐரோப்பியச் சங்கத்தின் வழிகாட்டுதலும், பி.சி.ஓ.டி. (சினைப்பையில் நிறையச் சிறு ஃபாலிக்கிள்கள் இருக்கும் நிலை, பி.சி.ஓ.எஸ். என்றும் சொல்வார்கள்) உள்ளவர்களுக்கு மட்டுமல்லாமல் சாதாரணமாக முட்டை வளரும் பெண்களுக்கும் அன்டகோனிஸ்ட்டையே பரிந்துரைக்கிறது. பலன் சமம், பாதுகாப்பு கூடுதல் என்பதுதான் காரணம்.

நடைமுறையில் சில சங்கதிகள். கனிரெலிக்ஸ் பெரும்பாலும் மருந்து நிரப்பிய சிரிஞ்சாகவே வருகிறது. செட்ரோரெலிக்ஸ் 0.25 பொடியாக வரும், கூடவே தரும் தண்ணீரில் நாம் கலக்க வேண்டும். பொடி முழுதாகக் கரையும்வரை மெதுவாகச் சுழற்றுங்கள், குலுக்க வேண்டாம். செட்ரோரெலிக்ஸை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்வார்கள், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. பெட்டியில் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். சித்திரை வெயிலில் திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் வருபவர்கள் ஐஸ் பேக் பையோடு வருவது வீண் முன்னெச்சரிக்கை அல்ல. கனிரெலிக்ஸ் சிரிஞ்ச் சிலவற்றின் ஊசி மூடியில் இயற்கை ரப்பர் உண்டு. ரப்பர் கையுறையால் தடிப்பு வருபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட இடத்தில் சிவப்பும் அரிப்பும் வருவது சகஜம், பெரும்பாலும் சில மணி நேரத்தில் போய்விடும்.

மாத்திரை

மூன்றாவது வகையில் ஊசியே இல்லை. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டரோன், டைட்ரோஜெஸ்டரோன் போன்ற புரோஜெஸ்டின் (புரோஜெஸ்டரோன் ஹார்மோன் போல வேலை செய்யும்) மாத்திரைகள். மாதவிடாய் ஒழுங்குக்கும் கர்ப்ப ஆதரவுக்கும் நம் ஊர் மருந்துக் கடைகளில் பல காலமாக விற்பவைதான். இவற்றை முட்டை வெடிப்பதைத் தடுக்கப் பயன்படுத்தலாம் என்ற யோசனை ஷாங்காயிலிருந்து வந்தது. அங்கே குவாங் யான்பிங் குழுவினர், முட்டை வெளியேறிய பிறகு வரும் பிற்பாதிச் சுழற்சியிலும் முட்டைகளை வளர்த்துப் பார்த்தார்கள். அப்போது தடுப்பு மருந்து இல்லாமலே எல்.ஹெச். எழவில்லை. உடம்பில் ஏற்கெனவே இருந்த புரோஜெஸ்டரோனே அதை அடக்கியிருந்தது. அப்படியானால் முற்பாதியில் அதை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? 2015-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு இந்த வழியைத் திறந்தது. முட்டை வளர்க்கும் ஊசி தொடங்கும் அதே நாளில் மாத்திரையும் தொடங்கி ட்ரிகர் வரை போகும். மெட்ராக்ஸி என்றால் பெரும்பாலும் தினம் 10 மில்லிகிராம், டைட்ரோ என்றால் 20 மில்லிகிராம். ட்ரிகருக்கு டிரிப்டோரெலினும் வேலை செய்யும், ஆகவே சினைப்பை வீக்கப் பயமும் குறைவு.

விலையில் இதற்கு இணையே இல்லை. பத்து நாள் மெட்ராக்ஸி மாத்திரை வாங்கினாலும் ஓர் அன்டகோனிஸ்ட் ஊசியின் விலை ஆகாது. அதோடு தினம் ஒரு குத்து குறைகிறது. கிடைக்கும் முட்டைகளின் எண்ணிக்கையும் ஊசி முறைக்கு ஈடாகவே வருகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்பெயினில் முட்டை தானம் செய்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், மெட்ராக்ஸி எடுத்தவர்களின் முட்டையால் கர்ப்பம் தரித்தவர்கள் கனிரெலிக்ஸ் குழுவை விடக் குறைவாக இருந்தார்கள். பெரும்பாலான மற்ற ஆய்வுகளில் அப்படி ஒரு சரிவு தெரியவில்லை. டைட்ரோஜெஸ்டரோனை எழுதும் டாக்டரிடமும் மெட்ராக்ஸியை எழுதும் டாக்டரிடமும் "ஏன் இது?" என்று கேட்பதில் தவறில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதில் பேரமே கிடையாது. புரோஜெஸ்டின் எடுத்தால் கருப்பை உட்சுவர் கருவின் வயதோடு ஒத்துப்போகாமல் முன்னே ஓடிவிடும். அந்த மாதம் கருவை வைக்க முடியாது. எல்லாக் கருக்களையும் உறைய வைத்தே ஆக வேண்டும். இரண்டே இரண்டு கரு வந்து, "உறைய வைக்காமல் உடனே வைத்துவிடலாமே" என்று மனம் மாறினாலும் வழியில்லை.

இங்கேதான் விலைக் கணக்கு ஏமாற்றுகிறது. மாத்திரையில் மிச்சப்படுவது சில ஆயிரம். உறைய வைக்கும் கட்டணம், சேமிப்புக் கட்டணம், அடுத்த சுழற்சியில் உட்சுவரைத் தயார் செய்யும் மருந்துகள், ஸ்கேன்கள், ஊரிலிருந்து வந்துபோகும் செலவு, எடுக்கும் லீவு எல்லாம் சேர்த்தால், இதே மாதம் கரு வைக்க வாய்ப்பிருந்த ஒருவருக்கு மாத்திரை முறைதான் விலை கூடியது. உறைய வைப்பது எப்படியும் நடக்கப்போகிறது என்றால் மட்டுமே அந்த மிச்சம் உண்மையான மிச்சம்.

அது எப்படியும் நடக்கும் இடங்கள் பல. கருக்களை மரபணுச் சோதனைக்கு அனுப்புபவர்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் முட்டையைச் சேமிப்பவர்கள் (மார்பகப் புற்றுநோய் என்றால் புரோஜெஸ்டின் கொடுக்கலாமா என்று புற்றுநோய் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டும்). முட்டை தானம் செய்யும் பெண்கள்: அவர்கள் கருப்பையில் எதுவும் வைக்கப்போவதில்லை. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பெண் வாழ்நாளில் ஒரு முறைதான் முட்டை தானம் செய்யலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. அந்த ஒரு முறையும் ஊசிகள் குறைவாக இருப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் நியாயம். அடுத்து, பி.சி.ஓ.டி. உள்ளவர்கள்.

உறைய வைப்பதே எல்லோருக்கும் நல்லது என்று சில இடங்களில் சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை. 2016-இல் சீனாவில் பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் உறைந்த கரு வைத்தவர்களில் 49.3 சதவீதமும், உடனே வைத்தவர்களில் 42 சதவீதமும் குழந்தை பெற்றார்கள். சினைப்பை வீக்கம் 7.1-லிருந்து 1.3 சதவீதமாகக் குறைந்தது. இவர்களுக்குப் பலன் தெளிவு. ஆனால் அதே ஆய்வில் கர்ப்பகால ரத்த அழுத்த நோயான ப்ரீ-எக்லாம்ப்சியா உறைந்த கரு குழுவில் 4.4 சதவீதம், மற்றக் குழுவில் 1.4 சதவீதம். 2018-இல் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் பி.சி.ஓ.எஸ். இல்லாத பெண்களிடம் இதையே செய்து பார்த்தபோது குழந்தைப் பேற்றில் வித்தியாசமே இல்லை. ஆக, பி.சி.ஓ.டி. இல்லாத, அளவாக முட்டை வளரும் ஒரு பெண்ணை மாத்திரை மலிவு என்பதற்காக உறைய வைக்கும் வழிக்குத் தள்ளக் கூடாது.

இந்த மூன்றுக்கு வெளியேயும் சில வழிகள் இருக்கின்றன. குறைந்த மருந்துச் சுழற்சிகளில் க்ளோமிஃபீனைத் தொடர்ந்து கொடுத்து எல்.ஹெச். எழாமல் பார்ப்பதும், இண்டோமெதசின் போன்ற வலி மாத்திரையால் ஃபாலிக்கிள் வெடிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவதும் ஜப்பானில் பழகிய முறைகள். வாயால் சாப்பிடும் அன்டகோனிஸ்ட்களும் வந்துவிட்டன, ஆனால் அவை எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), நார்க்கட்டி போன்றவற்றுக்கே அனுமதி பெற்றவை.

யாருக்கு எது

பி.சி.ஓ.டி. அல்லது ஏ.எம்.ஹெச். (முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) அதிகம் என்றால் நீண்ட முறை வேண்டாம். டாக்டர் அதை எழுதினால் காரணம் கேளுங்கள். அன்டகோனிஸ்ட் எடுத்து டிரிப்டோரெலின் ட்ரிகர் செய்யலாம், அல்லது எப்படியும் உறைய வைப்பது என்று முடிவாகிவிட்டால் மாத்திரை. இரண்டும் நல்ல வழிகள்.

முப்பத்தெட்டு வயதுக்கு மேல், முட்டை இருப்பும் குறைவு என்றால் சினைப்பை வீக்கப் பயம் பெரிதல்ல. இவர்களுக்கு அன்டகோனிஸ்ட்டும் அகோனிஸ்ட்டும் பலனில் சமம். அப்படியிருக்க இரண்டு வாரம் கூடுதல் ஊசியும் மெனோபாஸ் தொல்லையும் எதற்கு? ஒரே சுழற்சியில் முட்டை போதாமல் இரண்டு மூன்று முறை எடுத்துச் சேர்த்து வைக்கும் திட்டம் என்றால் மாத்திரை பொருந்தும்.

எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு ஐ.வி.எஃப்.-க்கு முன் மூன்று முதல் ஆறு மாதம் அகோனிஸ்ட் கொடுப்பது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. 2022-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல், இதன் பலன் உறுதியில்லை என்று சொல்லி வழக்கமாகச் செய்வதைப் பரிந்துரைக்கவில்லை. வலி அதிகம் உள்ளவர்கள், ஏற்கெனவே தோல்வி கண்டவர்கள் விஷயத்தில் டாக்டருக்கு வேறு கணக்கு இருக்கலாம். அதைத் தனியாகப் பேசுங்கள்.

போன முறை அன்டகோனிஸ்ட் போட்டும் முட்டை முன்கூட்டியே வெடித்துவிட்டதா? அந்த மருந்தே உங்களுக்கு ஒத்துவராது என்று அவசரப்பட வேண்டாம். எந்த நாளில் தொடங்கினார்கள், தொடங்கும்போது ஃபாலிக்கிள் எவ்வளவு பெரிதாக இருந்தது, ஊசி நேரம் தவறியதா என்று முதலில் பாருங்கள். பல நேரம் ஒரு நாள் முன்னதாகத் தொடங்கினாலே போதும். அப்படியும் நடந்தால் நீண்ட முறைக்கு மாறுவதில் அர்த்தம் இருக்கிறது. அகோனிஸ்ட் இன்னும் தேவைப்படும் இடம் இது.

மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனை பற்றி ஒன்று. மெட்ராக்ஸியும் டைட்ரோவும் புரோஜெஸ்டரோன் பரிசோதனையில் காட்டாது. ஆகவே அளவு ஏறினால் அது உங்கள் சினைப்பையிலிருந்து வருவது. இயற்கைப் புரோஜெஸ்டரோன் மாத்திரை எடுத்தால் அதுவும் சேர்ந்தே காட்டும். புதிய ஊர் லேபில் பரிசோதனை செய்தால் எந்த மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, அன்டகோனிஸ்ட் ஊசி போடுபவர்கள் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கனிரெலிக்ஸ் ஊசிகள் இரண்டுக்கு நடுவிலும், கடைசி ஊசிக்கும் ஹெச்.சி.ஜி. ட்ரிகருக்கும் நடுவிலும் 30 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. தினமும் காலையில் போட்டுக்கொண்டு ட்ரிகர் மறுநாள் இரவு பதினொரு மணிக்கு என்றால், ட்ரிகர் நாளன்று காலையிலும் ஓர் ஊசி வேண்டும். அந்த நாள் ஊசியைப் பலர் தேவையில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மறந்துவிட்டது தெரிந்தவுடன், எந்த நேரமானாலும் மையத்தின் அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எத்தனை மணிக்குக் கடைசி ஊசி போட்டீர்கள் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லாமல் நீங்களாக இரண்டு ஊசி சேர்த்துப் போட வேண்டாம்.